மஞ்சள் வைத்த வில்லை

மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளிச் சட்டை எடுத்த கடையில், நாங்கள் உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை ஒரு ஜீவன்கூட "வாங்க" என்று சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் நடந்த கூத்து அத்தனைக்கும் அதுதான் காரணம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் மானம் போயிருக்காது.

எங்கள் வீடு புதுக்கோட்டையில். அன்னவாசல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஒரே மகளை ஆவணியில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐ.டி. கம்பெனி வேலை. குணத்தில் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் குணத்தைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவர் பேசியதே இல்லை. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றால் "ம்". "இன்னுங் கொஞ்சம் சாம்பார் ஊத்தவா?" என்றால் "ம்ஹும்". அவருக்கு எங்களைப் பிடித்திருக்கிறதா, சகித்துக்கொள்கிறாரா என்று என் வீட்டுக்காரரும் நானும் ராத்திரி சாப்பாட்டின்போது விவாதம் நடத்துவோம். தீர்ப்பு மட்டும் வந்ததே இல்லை.

மாப்பிள்ளை பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் அவருடைய அம்மா பேசினார். வரவேற்பு அன்று மாப்பிள்ளைக்கு நாங்கள் எடுத்த கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி, "பரவாயில்ல, அவங்க ஊர்ல கிடைச்சது இதுதானே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதற்குச் சண்டையும் போட முடியாது. ஒரு கோட்டுக்கே இந்தப் பேச்சென்றால் என் பெண்ணை அந்த வீட்டில் எப்படி நடத்துவார்களோ என்று அன்றைக்கு எனக்குப் பிடித்தது பயம். போனில் கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. சின்ன வயசில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் அவள். அந்த "நல்லாத்தான்" எப்படிப்பட்ட "நல்லாத்தான்" என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

ஆகவே இந்தத் தீபாவளிக்குச் சம்பந்தியம்மா வாய் திறக்க இடமே கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கிற ஜவுளிக்கடைக்குப் போனால் முதலாளி எழுந்து நின்று, "வாங்க டீச்சர், என்ன விசேசம்?" என்பார். உட்கார ஸ்டூல் வரும், குடிக்கக் கலர் வரும். ஆனால் அங்கே எடுத்த கோட்டுதானே பேச்சு வாங்கியது! "ஸ்டைலா வேணும்னா கீழ ராஜ வீதியில புதுசா ஒரு கடை வந்திருக்கு டீச்சர், சின்னஞ்சிறுசுக எல்லாம் அங்கதான் போகுதுக" என்றாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இங்கிலீஷ் டீச்சர். சரி என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

வாசல் முழுக்கக் கண்ணாடி. உள்ளே தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தது. என் வீட்டுக்காரர் யோசிக்காமல் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். அவரைப் பார்த்து நானும் விட்டேன். ஜவுளிக்கடை என்றால் செருப்பைக் கழற்றித்தானே எங்களுக்குப் பழக்கம்! வாசலில் இருந்த செக்யூரிட்டி எங்கள் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், "ஓரமா விடுங்க" என்றார். அந்தக் கடையில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உபசாரம் அதுதான்.

உள்ளே தலையில்லாத பொம்மைகள் கிழிந்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றன. கறுப்பு பனியன் போட்ட பிள்ளைகள் மூன்று பேர் ஒரு மேசையில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். அவர்களும் பொம்மைகள்தான் என்று முதலில் நினைத்தேன். செல்போன் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. "சட்டை பாக்கணும் தம்பி" என்றேன். ஒருவன் நிமிராமலே கையை அந்தப் பக்கமாக நீட்டினான். நான் ஒரு முறை முறைத்தால் ஏழாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரும். அப்பேர்ப்பட்ட நான் அந்தக் கையைப் பின்பற்றி நடந்து போனேன், என்ன சொல்ல!

தொங்கிய சட்டையெல்லாம் கறுப்பு, சாம்பல், துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன மாதிரி ஒரு கலர். "நல்ல நாளுக்குப் போடுற மாதிரி கலர் இல்லையாம்மா?" என்று அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

"எல்லாமே நல்லாப் போற கலர்தான் மேம்."

"மாப்பிள்ளைக்கும்மா. தலை தீபாவளி."

இதைச் சொன்னால் எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் முகம் மலரும். எந்த ஊர் மாப்பிள்ளை, என்ன வேலை, பொண்ணு எத்தனாவது என்று கேட்பார்கள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தீபாவளி ஆஃபர் எல்லாம் எங்க கடையில கிடையாது மேம்" என்றாள்.

எனக்குக் காதோரம் சூடாகிவிட்டது. ஆஃபரா கேட்டேன் நான்? என் வீட்டுக்காரர் ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார். "அங்கிள், பிரிக்காதீங்க. திரும்ப மடிக்க முடியாது" என்றான் செல்போன் பிள்ளைகளில் ஒருவன். அவர் சட்டையைக் கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் மெதுவாக வைத்துவிட்டு, "வாடி, நம்ம கடைக்கே போவோம்" என்று என் காதில் சொன்னார். எனக்கோ வைராக்கியம். இவ்வளவு அலட்சியம் காட்டுகிறார்கள் என்றால் சரக்கு உசத்தியாகத்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு ஓடியது. கணக்கு டீச்சருக்கு வந்த புத்தியைப் பாருங்கள்! பிஞ்சு வாழையிலை நிறத்தில் இருந்த ஒரே ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு பில் போடுகிற இடத்துக்குப் போனேன். விலையைச் சொல்ல மாட்டேன், வயிறு எரியும்.

பில் வெளியே வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அதே பெண்தான் பில் போட்டாள். இருட்டில் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். செல்போன் வெளிச்சம் இருந்தது, ஆனால் அது அவள் முகத்துக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டில் பிரித்தால், பாக்கெட் ஓரத்தில் வட்டமாக, சாம்பல் நிறத்தில், பிளாஸ்டிக்கில் கனமான ஒரு வில்லை. என் வீட்டுக்காரர் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "இதக் கழட்டிக் குடுத்திருக்கணுமோ?" என்றார்.

"கழட்டுற சாமானா இருந்தா கைக்கு வராதா? அங்க எல்லாச் சட்டையிலயும் இருந்துச்சே. பொம்ம மாட்டியிருந்ததுல கூட இருந்துச்சு. அது அந்தக் கடையோட முத்திரைங்க."

"பாக்க மிஷின் மாதிரியில்ல இருக்கு?"

"கிழிஞ்ச பேண்ட்டுக்கு முழுக் காசு வாங்குறவன் சட்டையில மிஷின் வைக்க மாட்டானா? பேசாம இருங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அதைக் கேட்க மறுபடி அந்தக் கடைக்குப் போக வேண்டும். "இது என்னம்மா?" என்று நான் கேட்க, அந்தப் பெண் மறுபடி என்னை ஏற இறங்கப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துகொண்டு, அது ஃபேஷன்தான் என்று நானே தீர்மானம் போட்டு நிறைவேற்றினேன். தீபாவளிக்கு முதல் நாள் புதுத் துணி எல்லாவற்றுக்கும் மஞ்சள் வைத்தபோது மாப்பிள்ளை சட்டைக்குக் காலர் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். கையோடு கையாக அந்த வில்லையின் நடுவிலும் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தேன், ஆயுத பூஜைக்கு மிக்சிக்கு வைப்போமே, அது மாதிரி.

விடியற்காலையில் எண்ணெய் வைத்து, மாப்பிள்ளை குளித்து வந்ததும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். உள்ளே போனார். வெளியே வரக் கொஞ்சம் நேரமானது. வந்தபோது வில்லையோடுதான் வந்தார். சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. நெஞ்சில் மஞ்சள் பொட்டோடு அந்த வில்லை எடுப்பாகத் தெரிந்தது. அவரும் மகளும் எங்கள் காலில் விழுந்து கும்பிட்டார்கள். நிமிரும்போது மகள் அவரைப் பார்த்துக் கண்ணால் எதையோ கேட்டாள், அவர் "ம்ஹும்" என்று தலையாட்டினார். புதுசாகக் கட்டிக்கொண்டதுகளுக்குள் ஆயிரம் இருக்கும் என்று நான் பார்க்காதவள்போல் திரும்பிக்கொண்டேன்.

"சட்டை பிடிச்சிருக்கா மாப்பிள்ளை?"

"ம்."

இந்த "ம்" வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் சும்மா இருப்பேனா? ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். திருக்கோகர்ணம் கோயிலில் குருக்கள் விபூதி கொடுக்கும்போது ஒரு கணம் கை நின்று, பிறகு கொடுத்தார். மத்தியானம் மாப்பிள்ளை காரிலேயே சித்தன்னவாசல் போனோம். ஓவியம் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் பாக்கெட்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு திரும்பினால் எதிர்வீட்டு அக்கா பலகாரத் தட்டோடு நிற்கிறார். அவர் மகளுக்கும் கல்யாணமாகி மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார்.

"டீச்சர், என்ன மாப்பிள்ளை சட்டையில வட்டமா என்னமோ இருக்கு?"

"அதுவாக்கா? இப்ப வந்திருக்கிற மாடல். மெட்ராஸ்ல பூரா இதுதான் ஓடுது. இல்லையா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்து, "ஆமாங்க" என்றார். எங்கள் வீட்டில் அவர் முழுசாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

எதிர்வீட்டு அக்காவுக்கு அடக்க முடியவில்லை. "எங்க மாப்பிள்ளை மார்கழியில லீவுல வாராரு. அவருக்கும் இந்த மாதிரி வில்ல வச்சதே ஒண்ணு வேணும். நல்ல கலரா பாத்து எடுத்து வைக்கச் சொல்ல முடியுமா டீச்சர்?" என்றார். சொல்லணுமா? ஊரே கடையைச் சாத்திவிட்டு வெடி வெடித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்திலும் அந்தக் கடை திறந்திருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். "வாங்க மாப்பிள்ளை, ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்" என்று கிளப்பினேன்.

கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை, "நான் கார்லயே இருக்கேன் அத்தை" என்றார்.

"நீங்க வந்தாத்தானே சட்டையக் காட்டிக் கேக்க முடியும்?"

"உள்ள வேண்டாம் அத்தை."

"அட, கூச்சப்படாதீங்க. சும்மா வாங்க."

பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கினார். இந்தத் தடவை நான் செருப்பைக் கழற்றவில்லை. மாப்பிள்ளையை முன்னால் விட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு பின்னால் நுழைந்தேன். அவர் வாசலைத் தாண்டியதும் கதவுப் பக்கத்தில் நின்ற கம்பம் "கீ, கீ, கீ" என்று அலறியது பாருங்கள், ஆத்தாடி! அந்தக் கடையில் எங்களை வாய் திறந்து வரவேற்றது அது ஒன்றுதான்.

அன்றைக்கு எட்டிப் பார்க்காத பிள்ளைகள் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். செக்யூரிட்டி வந்தார். அந்தப் பெண்ணும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். என்ன கவனிப்பு, என்ன சுறுசுறுப்பு! இதில் பாதியை அன்றைக்குக் காட்டியிருக்கக் கூடாதா?

அவள் மாப்பிள்ளையின் நெஞ்சைக் காட்டி, "சார், இது எங்க கடையோட டேக். பில் போட்டதும் நாங்க கழட்டிருவோம். இது இருக்குன்னா பில் போடாம வெளிய போயிருக்குன்னு அர்த்தம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பில் போடாமல் தூக்கிக்கொண்டு போனால் கத்திக் காட்டிக்கொடுக்க வைத்த, அன்றைக்குக் கரண்ட் இல்லாததால் மட்டும் கத்தாமல் விட்ட சாமானுக்குப் பொட்டு வைத்து, அதை மாப்பிள்ளை நெஞ்சில் மாட்டி, கோயில் குளமெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறேன். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. நல்ல வேளை, பில் என் கைப்பையிலேயே கிடந்தது. எடுத்து நீட்டினேன். அவள் பில்லைப் பார்த்தாள். அப்புறம் வில்லையைக் கிட்டத்தில் பார்த்தாள். "இதென்ன மேம், மஞ்சளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். "காலையில இருந்து இதோடவா சார் சுத்துறீங்க? தெரியலையா உங்களுக்கு?"

மாப்பிள்ளை அவளை நேராகப் பார்த்தார். "தெரியும். கழட்டாம குடுத்தது நீங்க. அத நீங்க மறந்துட்டீங்க" என்றார். குரல் உயரவே இல்லை. "இப்ப கழட்டிக் குடுங்க."

சிரிப்பு நின்றது. வில்லையைக் கழற்றுகிற சாமான் பில் போடுகிற மேசையோடு சேர்ந்து இருந்தது. சட்டையைக் கழற்ற முடியாது என்பதால் மாப்பிள்ளை குனிந்து மேசைமேல் நெஞ்சைச் சாய்த்து நின்றார். "டக்" என்று ஒரு சத்தம். வில்லையின் பின்பக்கத்து முள் நாளெல்லாம் அவர் நெஞ்சில் அழுத்தியிருக்கும் போல, நிமிர்ந்ததும் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டார். அவள் மஞ்சள் பொட்டோடு அந்த வில்லையை ஒரு டப்பாவுக்குள் போட்டாள். நாளைக்கு அது யாருடைய கறுப்புச் சட்டைக்கோ போகும். போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும். "சாரி" என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. "வாங்க" வராத வாயில் "சாரி"யா வரும்?

காரில் ஏறியதும் நான் அடக்க முடியாமல், "காலையிலேயே தெரியுமா மாப்பிள்ளை?" என்றேன்.

"ம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நான் ஒரு கிறுக்கி, ஊரெல்லாம் இழுத்துக்கிட்டுத் திரிஞ்சேனே!"

வண்டியைக் கிளப்பப் போனவர் சாவியை விட்டுவிட்டுத் திரும்பினார். "உங்க பொண்ணு கழட்டிரலாம்னுதான் சொன்னா. நீங்க மஞ்சள் வச்சுக் குடுத்திருந்தீங்க. எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல அத்தை. கேட்டா வருத்தப்படுவீங்களோன்னு..." என்றார்.

அந்தக் கடைக்காரப் பெண்ணிடம் கேட்க நான் பயந்தேன். என்னிடம் கேட்க இவர் பயந்திருக்கிறார். இத்தனை நாளும் அந்த "ம்" எல்லாம் திமிரென்று நினைத்து நான் தூக்கம் கெட்டிருக்கிறேன்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ரெண்டு தெரு தாண்டியதும் அவராகவே மறுபடி பேசினார்.

"காலையில அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினோம். பாத்துட்டு அந்த வட்டம் என்னன்னு கேட்டாங்க. உங்க பக்கத்து வழக்கம்னு சொல்லிட்டேன்."

"எது? அந்த வில்லையா?"

"தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வைக்கிறதுன்னு." திருப்பத்தில் ஒரு ஹாரன் அடித்தார். "அவங்க எதுக்காவது ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க அத்தை. வழக்கம்னு சொன்னா மட்டும் எதுத்துப் பேச மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தியம்மாவிடமிருந்து எனக்கே போன். மகள் கூடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கழற்றிப் போட்ட அந்தச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். என் கையெல்லாம் பால், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். குரலில் இதுவரை நான் கேட்காத ஒரு மரியாதை.

"சம்பந்தி, போட்டோ பாத்தேன். நல்லாச் செஞ்சிருக்கீங்க. அந்த வட்டமா வச்சிருக்கீங்களே, அது வெள்ளியா?"

"அது வந்துங்க..."

"சரி, எதுவா இருந்தா என்ன, வழக்கம்னா வழக்கம். எங்க பக்கம் அது கிடையாது. அதான் கேக்கிறேன், பதிலுக்கு நாங்க பொண்ணுக்கு என்ன செய்யணும்? யாருமே எங்களுக்குச் சொல்லல பாருங்க. நாளைக்கு நாங்க முறை தெரியாதவங்கன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது."

கோட்டைப் பார்த்துச் சிரித்தவருக்கும் பேச்சு வந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது! என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காதே என்று வாசல்படியிலிருந்து கையை ஆட்டினார். கேட்டிருந்தால் அந்த நிமிஷம் ஒரு வளையல்கூட வந்திருக்கும். எனக்கு வளையல் ஞாபகம் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் எந்தப் பக்கம் போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் செருப்பில்லாத காலோடு நின்றேனே, அது ஞாபகம் வந்தது.

"ஒண்ணும் செய்ய வேணாம் சம்பந்தியம்மா. நாளைக்கழிச்சு ரெண்டு பேரும் அங்க வருவாங்க. நீங்க வாசலுக்கு வந்து, எங்க பொண்ண வாய் நெறைய 'வாம்மா'ன்னு கூப்பிடுங்க. அது போதும்."

சம்பந்தியம்மா குரலில் இருந்த மரியாதை சட்டென்று இறங்கியது.

"ஏன்? நான் கூப்பிடுறது இல்லைன்னு சொன்னாளா?"

நான் மகளைப் பார்த்தேன். மடித்து முடித்த சட்டையை மறுபடி பிரித்து, குனிந்த தலை நிமிராமல் மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன அத்தனை "நல்லாத்தாம்மா"வும் என் காதில் வரிசையாக வந்து நின்றன.

"சேச்சே, அவ வாயத் திறக்கல சம்பந்தியம்மா" என்றேன். "இது எங்க பக்கத்து வழக்கம்."